எதையும் மாற்றாத மாற்றம்

இயக்குநரின் நாற்காலியில் நெருப்புக்கோழி உட்கார்ந்துவிட்டுப் போன நாளிலிருந்து அந்த அறைக்கு ஒரு வாசனை வந்திருந்தது. மூன்று ஜன்னல்களையும் திறந்து வைத்தும் போகவில்லை. மூக்கைப் பொத்தவும் முடியாமல் மூச்சு விடவும் முடியாமல், எதிரே உட்கார்ந்திருந்த மிருகக்காட்சிசாலை இயக்குநரைப் பார்த்து ரேடியோ மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ரேடியோ என்பது அவனுடைய அண்ணி வைத்த பெயர். வாயை மூடும் பொத்தான் அவனிடம் இல்லை என்பது அவருடைய கருத்து. அண்ணி இருபது வருஷம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும், "வீட்ல எங்கிட்ட தினமும் பண்றத வெளியிலயும் பண்ணேன்" என்று புருஷன் கையெடுத்துக் கும்பிட, துப்பறியும் நிலையம் தொடங்கிவிட்டார். கொழுந்தன் உதவியாளன் ஆனான். வழக்கு கொண்டு வருகிறவர்களும் நாளடைவில் அவரை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். இயக்குநர்கூட இப்போது அப்படித்தான் கூப்பிட்டார். அவருக்கு அண்ணியைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

அவர் சொன்ன விஷயம் இது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை, நெருப்புக்கோழி தன் அடைப்பிலிருந்து கிளம்பி, மாடிப்படி ஏறி, இந்த அறைக்குள் வந்து, அன்றைக்கு அவர் பேச வேண்டிய உரையில் மூன்று பக்கங்களைத் தின்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த சனிக்கிழமை ஒட்டகம். வண்டி நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு காராகப் பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டே போனது. போன வியாழக்கிழமை நீர்யானை, பார்வையாளர்கள் கை கழுவும் நீரூற்றில் போய் இறங்கிவிட்டது. அதைச் சமாதானம் செய்து திரும்ப அழைத்துப் போவதற்கு ஆறு மணி நேரமும் நாற்பது முட்டைக்கோஸும் ஆயின.

மூன்று தடவையும் சம்பவ இடத்தில் இருந்தவர் ஒரே ஒருவர்தான். முப்பத்தொரு வருஷமாக அத்தனை அடைப்புகளுக்கும் சாவி வைத்திருந்த சாவிக்காரர். கதவுகளையெல்லாம் கம்ப்யூட்டர் திறந்து மூடும்படி இயக்குநர் இரண்டு மாதத்துக்கு முன் மாற்றியதும், அவருக்குச் சாவி போய் துடைப்பம் மிச்சமானது. அந்த ஆத்திரத்தில் மிருகங்களை அவிழ்த்து விடுகிறார் என்பது இயக்குநரின் முடிவு. ஒரு வாரமாக அவரை வேலையை விட்டு நிறுத்தியும் வைத்திருந்தார்.

"அவர் என்ன சொல்றார்?" என்று அண்ணி கேட்டார்.

கதவு தானாகத் திறந்தது, உயிருக்குப் பயந்து, தீவனம் கொண்டுவரும் தள்ளுவண்டிக் கதவு வழியாக ஓடினேன், மிருகம் பின்னாலேயே வந்துவிட்டது என்று மூன்று தடவையும் ஒரே கதையைச் சொல்கிறாராம். இயக்குநர் அதை நம்பவில்லை. அவர் சொன்ன காரணம் ரேடியோவுக்கும் நியாயமாகப் பட்டது. கதவு புரோகிராமைச் சோதிக்கும் டெஸ்டர் சாவிக்காரரின் சொந்த மருமகள். மாமனாருக்காக அந்தப் பெண்ணே இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் என்ன சந்தேகம்?

இன்றைக்கு நான்கு மணிக்குப் புலி அடைப்பின் திறப்பு விழா. புது முற்றம், புது கண்ணாடிச் சுவர். அதற்குள் சாவிக்காரர்தான் குற்றவாளி என்று எழுத்தில் வேண்டும், வந்திருக்கும் பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார் இயக்குநர். அப்போது மணி இரண்டேகால்.

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கென்று தனியாக ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 'மியூட்டேஷன் டெஸ்டிங்: 140-க்கு 140. நூறு சதவீதம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

அது என்ன என்று ரேடியோ கேட்க, இயக்குநர் பெருமையாக ஏதோ தொடங்கி நடுவில் சிக்கிக்கொண்டார். அண்ணிதான் விளக்கினார். புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க டெஸ்ட் எழுதுகிறார்கள். சட்டத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தபடி இங்கே அறுநூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட், தினமும் காலையில் ஓடி, எல்லாம் பச்சை விளக்கு காட்டுகின்றன. ஆனால் அந்த டெஸ்ட்களுக்குக் கண் தெரிகிறதா என்று யார் பார்ப்பது? அதற்காக, புரோகிராமில் நாமே வேண்டுமென்று ஒரு சின்னத் தப்பைச் சொருகுவோம். கூட்டலைக் கழித்தலாக்குவோம், பெரியதைச் சிறியதாக்குவோம். டெஸ்ட் உடனே சிவப்பு காட்டினால் நல்லது, அந்தத் தப்பு செத்தது. பச்சையாகவே இருந்தால் தப்பு உயிரோடு தப்பித்துவிட்டது, டெஸ்ட் தூங்குகிறது என்று அர்த்தம். இப்படி நூற்றுநாற்பது தப்புகளை ஒன்றொன்றாகச் சொருகிப் பார்த்திருக்கிறார்கள். நூற்றுநாற்பதும் பிடிபட்டிருக்கின்றன.

"அதாவது வாட்ச்மேன் முழிச்சிருக்கானான்னு பாக்க நாமளே லுங்கியக் கட்டிக்கிட்டு சுவர் ஏறிக் குதிக்கிறது" என்றான் ரேடியோ.

"அதேதான். ஆனா நூத்துக்கு நூறு வாங்கின வாட்ச்மேன இருபது வருஷத்துல நான் பாத்ததில்ல" என்று எழுந்தார் அண்ணி. "வா. அந்தப் பொண்ணப் பாக்கணும்."

கட்டுப்பாட்டு அறை பாம்புப் பண்ணைக்குப் பின்னால், ஒரு காலத்தில் தீவனம் கொட்டி வைத்த கொட்டகையில் இருந்தது. உள்ளே ஆறு திரைகள், ஒரு மின்விசிறி, ஒரு டெஸ்டர். முப்பது வயது இருக்கும். மேஜையில் பேனா, பென்சில், அழிப்பான் மூன்றும் அளவெடுத்த மாதிரி வரிசையாக இருந்தன. அண்ணியைக் கண்டதும் எழுந்து நின்றாள். கண்ணின் கீழே இரண்டு வாரத் தூக்கம் பாக்கி இருந்தது.

மாமனார் எப்படி இருக்கிறார் என்று அண்ணி விசாரித்தார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார். பூட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று அலமாரி, ஃப்ரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் பூட்டு வாங்கி வந்துவிட்டார். சாப்பிட உட்காரும்போது ஆட்களை எண்ணுகிறார். இரவில் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் படுக்கையில் இருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.

"மத்தவங்க மாமியார்கிட்டத்தான் மாட்டிக்குவாங்க, நீங்க டார்ச்சு அடிக்கிற மாமனார்கிட்ட மாட்டிக்கிட்டீங்க" என்று ரேடியோ பரிதாபப்பட்டான். அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் அடுத்ததை விழுங்கிவிட்டான்.

ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும் என்று அண்ணி அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டார். கதவு புரோகிராமின் நகல் ஒன்றை எடுத்து, அதில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். 'திறக்கும் நேரம் வந்து, கதவு மூடியிருந்தால்' என்று இருப்பதை 'கதவு மூடியிருந்து, திறக்கும் நேரம் வந்தால்' என்று.

ரேடியோ யோசித்துப் பார்த்தான். "அண்ணி, 'அக்காவும் தங்கச்சியும் வந்தாங்க'ங்கறத 'தங்கச்சியும் அக்காவும் வந்தாங்க'ன்னு மாத்தறோம். வந்தது என்னமோ அதே ரெண்டு பேர்தானே?"

"ஆமா. எதையும் மாத்தாத மாத்தம். இத உலகத்துல எந்த டெஸ்டாலயும் கண்டுபிடிக்க முடியாது. ஏன்னா கண்டுபிடிக்க ஒண்ணுமே இல்ல. நூத்துநாப்பது மாத்தம் பண்ணா அதுல நாலஞ்சாவது இந்த மாதிரி விழுந்தே தீரும். அதெல்லாம் உயிரோட தப்பிச்சிருக்கணும். இங்க ஒண்ணுகூடத் தப்பல."

டெஸ்டர் பெண் வரியை மாற்றினாள். டெஸ்ட் ஓடியது. திரையில் பச்சைப் புள்ளிகள் மழைபோல் இறங்கின. அறுநூற்றுப் பதினொன்று பச்சை. கடைசியாக ஒன்று, ரத்தச் சிவப்பு.

அண்ணி அந்த வரியைப் பழையபடி திருத்தச் சொன்னார். பிறகு கோப்பின் கடைசி வரிக்குப் போய், ஒன்றும் எழுத வேண்டாம், ஒரே ஒரு தடவை இடைவெளிப் பொத்தானை மட்டும் தட்டச் சொன்னார். வெற்றிடம். காற்று. மறுபடியும் ஓடியது. மறுபடியும் கடைசி டெஸ்ட் சிவப்பு.

"திருடனப் பிடிக்க வாட்ச்மேன வெச்சா, இவன் சுவத்துல பெயின்ட் உரிஞ்சாக்கூடக் கத்தறானே" என்றான் ரேடியோ.

"அவன் திருடனையே பாக்கல. சுவத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கான்." அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அறுநூத்துப் பன்னண்டாவது டெஸ்டத் திறம்மா."

அந்தப் பெண்ணின் கை மவுஸின் மேல் இருந்தது. நகரவில்லை. அவள் அழவில்லை. பென்சிலை எடுத்துப் பேனாவுக்கு அந்தப் பக்கம் வைத்தாள். மறுபடி இந்தப் பக்கம் வைத்தாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள்.

முதலில் அவள் செய்த சோதனையில் நூற்றுநாற்பதில் தொண்ணூற்றொன்பதுதான் பிடிபட்டன. நாற்பத்தொன்று தப்பித்தன. அப்படியே நேர்மையாக எழுதிக்கொண்டு போய் இயக்குநரிடம் கொடுத்தாள். அவர் நாற்பத்தொன்று என்ற எண்ணைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, நாளைக் காலை பத்து மணிக்குள் இந்த இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும், எப்படி என்பது உன் பாடு என்று சொல்லிவிட்டார். அவற்றில் பிடிக்க முடிந்தவற்றுக்கு ஒழுங்காக டெஸ்ட் எழுதுவதற்கே ஒரு மாதம் ஆகும். அவள் ஏழு வரியில் ஒரே ஒரு டெஸ்ட் எழுதினாள். அது புரோகிராம் என்ன செய்கிறது என்று பார்க்காது. கோப்பின் கைரேகையை எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும், உடனே சிவப்பு காட்டும். நூற்றுநாற்பதும் ஒரே அடியில் செத்தன. இயக்குநர் அதற்கு விளக்கு போட்டு மாட்டினார். மறு வாரம் நெருப்புக்கோழி மாடி ஏறியது.

"அப்பவே சொல்லியிருக்கணும். மொதல் நாள் பயத்துல சொல்லல. ரெண்டாவது நாள், நேத்து ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு சொல்லல. அப்படியே போயிடுச்சு. மாமா தினமும் சாப்பாட்டுத் தட்டுல கை வெச்சுக்கிட்டு, கதவு தானாத்தாம்மா திறந்துதுன்னு எங்கிட்டதான் சொல்றார். நான் சாம்பார் ஊத்தறேன்."

ரேடியோவுக்குத் தொண்டை வரைக்கும் ஒரு ஜோக் வந்தது. அதை அங்கேயே உட்கார வைத்தான்.

அண்ணி திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. நகலில் அந்த ஏழு வரிகளை எடுத்துவிட்டு நூற்றுநாற்பதையும் மறுபடி ஓட்டச் சொன்னார். அதற்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அந்த நேரத்தில் அண்ணி சம்பவப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். நெருப்புக்கோழி வெளியே வந்த நாளில் அடைப்புக்குள் சாவிக்காரர் தனியாக. ஒட்டகத்தன்று சாவிக்காரர் தனியாக. நீர்யானை அன்றும் தனியாக. மற்ற நாட்களிலெல்லாம் அவரும் கூட்டுகிற அம்மாளும் சேர்ந்து போயிருக்கிறார்கள், ஒரு அசம்பாவிதமும் இல்லை.

இதுதான் அவருக்கு எதிரான சாட்சி என்றான் ரேடியோ. பக்கத்தில் ஆள் இருந்தால் கை வைக்க மாட்டார், தனியாக இருந்தால் அவிழ்த்து விடுகிறார். அண்ணி பதிவேட்டில் 'தனியாக' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார்.

மூன்றே முக்காலுக்கு ஓட்டம் முடிந்தது. உயிர் தப்பியவை அதே நாற்பத்தொன்று. அண்ணி பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து எண்பத்தெட்டாம் எண் போட்ட தப்பில் நிறுத்தினார்.

"இது என்ன வரிம்மா?"

முற்றத்துக்குள் ஆள் இருந்தால் மிருகத்தின் கதவைத் திறக்காதே என்று சொல்லும் வரி அது. சுழல்கதவு வழியாக உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்யும். அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ரேடியோ, புரோகிராம்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'ஆள் எண்ணிக்கை ஒண்ணுக்கு மேல இருந்தா திறக்காதே.' அத நாங்க வேணும்னே தப்பா மாத்தினோம், 'ஒண்ணோ அதுக்கு மேலயோ இருந்தா திறக்காதே'ன்னு. அந்தத் தப்பு தப்பிச்சுடுச்சு."

"சரி, தப்பு தப்பிச்சுது. அதுக்கென்ன?"

"நல்லா யோசி. ரெண்டுல எது தப்பு?"

ரேடியோ யோசித்தான். ஒன்றுக்கு மேல் என்றால் இரண்டு, மூன்று, நான்கு. அப்படியானால் ஒரே ஒரு ஆள் உள்ளே இருந்தால்?

"ஒத்த ஆளு உள்ள இருந்தா கதவு திறந்துடும்" என்றான் மெதுவாக. "நாம சொருகின தப்புதான் சரி. ஏற்கெனவே இருந்த சரிதான் தப்பு."

டெஸ்டர் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய டெஸ்ட்கள், உள்ளே யாருமே இல்லாதபோது என்ன ஆகிறது என்று பார்த்தன. ஐந்து பேர் இருக்கும்போது என்ன ஆகிறது என்று பார்த்தன. ஒரே ஒரு மனிதன் தன்னந்தனியாக உள்ளே நிற்கக்கூடும் என்பது அறுநூற்றுப் பதினொன்றில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. சாவிக்காரர் தனியாகப் போன நாளெல்லாம் கதவு திறந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

வழக்கு முடிந்தது என்று ரேடியோ கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அண்ணி எழவில்லை. நான்கு மணிக்கு என்ன நிகழ்ச்சி என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

இயக்குநர் புலியின் முற்றத்தில் போய் நிற்பார். நான்கு மணி அடிக்கும். உள்ளே ஆள் இருப்பதால் கதவு திறக்காது. எல்லோரும் கை தட்டுவார்கள். அவர் வெளியே வருவார். அதற்குப் பிறகு கதவு திறந்து புலி வரும். அதுதான் நிகழ்ச்சி. நூறு சதவீதத்தின் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கையை ஊருக்குக் காட்டுவதற்காக அவரே யோசித்தது.

"தனியாவா நிப்பார்?"

"தனியா நின்னாதான் போட்டோ நல்லா வரும்னார்."

அப்போது மணி மூன்று ஐம்பத்திரண்டு. அண்ணி வரியைத் திருத்தச் சொன்னார். நகலில் இல்லை, நிஜக் கதவுகளை ஓட்டும் புரோகிராமில். அந்தப் பெண் ஒரே குறியை மாற்றி அனுப்பினாள். திரை சிவந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டாவது டெஸ்ட் நிஜக் கம்ப்யூட்டரில் இன்னும் காவல் நின்றுகொண்டிருந்தது. கைரேகை மாறியிருக்கிறது, திருத்தத்தை ஏற்க முடியாது என்றது. வாழ்க்கையில் முதல்தடவையாக அது தன் கடமையைச் செய்தது.

அதை நீக்கவோ எல்லாக் கதவுகளையும் நிறுத்தவோ இயக்குநரின் விரலை வைக்க வேண்டும். விரல் புலியின் முற்றத்தில் இருந்தது. அவருடைய போன், படம் எடுக்கும்போது அடிக்கக் கூடாது என்று அணைத்து வைக்கப்பட்டிருந்தது. குறுக்கே போடும் இரும்புக் கம்பிகளை, இனித் தேவையில்லை என்று போன மாதம்தான் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள்.

"ரேடியோ, எனக்கு முட்டி வலி, ஓட முடியாது. நீ ஓடு. உள்ள இருக்கற எண்ணிக்கைய ரெண்டாக்கிடு. அது போதும். நாங்க பேட்டரி வண்டி ஒண்ணு தேடிப் பிடிச்சு வர்றோம்."

ரேடியோ ஓடினான். பாம்புப் பண்ணை, பறவைக் கூண்டு, குழந்தைகள் ரயில், எல்லாம் பின்னால் போயின. நாற்பத்திரண்டு வயதில் அவன் கடைசியாக ஓடியது ஒரு பேருந்துக்காக, அதையும் பிடிக்கவில்லை. புலி அடைப்பின் முன்னால் கூட்டம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், செயற்கைப் பாறைகளின் நடுவில், கோட்டும் டையுமாக இயக்குநர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். ரேடியோ கண்ணாடியைத் தட்டிக் கத்தினான். அது புலி உறுமினாலே வெளியே கேட்காத கண்ணாடி. இயக்குநர் அவனைப் பார்த்துத் தலையை ஒரு அங்குலம் அசைத்து வாழ்த்தை ஏற்றுக்கொண்டார். படத்தில் நிழல் விழுகிறது, நகருங்கள் என்று போட்டோக்காரர் அவனை முழங்கையால் தள்ளினார்.

சுழல்கதவின் மேலே ஒரு பலகை ஒளிர்ந்தது. 'உள்ளே: 1.'

இரண்டாக்க வேண்டும். எப்படி என்று யோசிக்க அவனுக்கு நேரம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்த காலத்தில் தான் எடுக்காமல் விட்ட ஒரே பாலிசியை நினைத்துக்கொண்டு, சுழல்கதவைத் தள்ளிக்கொண்டு புலியின் முற்றத்துக்குள் போய் நின்றான். 'உள்ளே: 2.'

மணி நான்கு அடித்தது. இரும்புக் கதவு அசையவில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஊரே கை தட்டியது. இயக்குநர் இரண்டு கைகளையும் விரித்து வணங்கிவிட்டுத் திரும்பியவர், பாறைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ரேடியோவைப் பார்த்தார். முகம் மாறியது.

பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே போ என்றார். ரேடியோ முடிந்த அளவு சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தான். சார், நான் போனால் நீங்கள் ஒன்று. ஒன்று என்றால் திறக்கும். இரண்டு என்றால் திறக்காது. அவன் மூச்சிரைப்பில் அது ஏதோ மந்திரம் மாதிரி ஒலித்தது. இயக்குநருக்கு ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. நாளைய பேப்பரில் தன் பக்கத்தில் இந்த மூஞ்சியும் வரப்போகிறது.

"சார், தயவு செஞ்சு என்னத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றான் ரேடியோ.

அவர் கோட்டை உதறிக்கொண்டு சுழல்கதவு வழியாக வெளியேறினார்.

'உள்ளே: 1.'

இரும்புக் கதவுக்குள் ஏதோ ஒரு பல்சக்கரம் 'கடக்' என்றது. கதவு ஒரு சாண் உயர்ந்தது. அந்த இடைவெளியில் முதலில் மீசை தெரிந்தது. அடுத்து ஒரு பாதம், மெத்தை மாதிரி, அவசரமே இல்லாமல். ரேடியோ ஓடவில்லை. கால்கள் அவனைக் கேட்காமல் ராஜினாமா செய்திருந்தன. புலி தலையை வெளியே நீட்டி, புது முற்றத்தையும் புதுப் பாறைகளையும் பார்த்துவிட்டு, கடைசியாக அவனைப் பார்த்தது. இதையும் சேர்த்தா கொடுத்திருக்கிறார்கள் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அப்போது தலைக்கு மேலே பலகை மாறியது. 2. அடுத்த நொடி 3. நான்கு, ஐந்து, எட்டு, பதினொன்று. சக்கரம் மறுபடி 'கடக்' என்றது. கதவு இறங்கத் தொடங்கியது. புலி சலிப்போடு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு மூடியபோது பலகையில் 'உள்ளே: 19' என்று இருந்தது. ரேடியோ திரும்பிப் பார்த்தான். முற்றத்தில் அவனைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

சுழல்கதவுக்கு வெளியே பேட்டரி வண்டி நின்றது. அண்ணி வண்டியிலிருந்து பாதி இறங்கிய நிலையில், ஒரு கையை நீட்டி, சுழல்கதவை ராட்டினம் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவன் தவழாத குறையாக வெளியே வந்ததும் அண்ணி அவனுடைய சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"உன்ன யாரு உள்ள போகச் சொன்னா? எண்ணிக்கைய ரெண்டாக்குன்னுதானே சொன்னேன்? வெளிய நின்னு ஒரு சுத்து சுத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்."

ரேடியோ நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதற்குள் இயக்குநர் பலகையைப் பார்த்துவிட்டார். ரேடியோ வெளியே வந்ததால் அது இப்போது பதினெட்டு காட்டியது. புலியின் முற்றத்தில் பதினெட்டுப் பேர் மாட்டிக்கொண்டார்கள், தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள் என்று அவர் அலறினார். உள்ளே யாரும் இல்லை என்று அண்ணி கண்ணாடி வழியாகக் காட்டியும் அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, பலகையையே பார்த்தார். அவர் தெளிவதற்குக் கால் மணி நேரமும், ஒரு பாட்டில் தண்ணீரும், அண்ணி பொறுமையாகச் சொன்ன மூன்று விளக்கங்களும் தேவைப்பட்டன. மூன்றாவது விளக்கத்தில்தான், சற்று முன்னால் தான் எங்கே நின்றிருந்தோம் என்பது அவருக்கு உறைத்தது. மெதுவாக டையைத் தளர்த்திக்கொண்டார். பிறகு கேட்காமலே விரலை நீட்டினார். கதவுகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. விழா தள்ளிவைக்கப்பட்டது.

ஐந்து மணிக்குச் சாவிக்காரரை வரவழைத்தார்கள். ஒல்லியான மனிதர், வெளுத்த சட்டை. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிய இடத்தில் துணி இன்னும் சாயம் போகாமல் கருப்பாக இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இயக்குநர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, நிர்வாகத்தின் சார்பில் என்று ஆரம்பித்தார். சாவிக்காரர் அவரைத் தாண்டிப் போய் மருமகளின் முன்னால் நின்றார். அவள் தலையை நிமிர்த்தாமல், நடந்தது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். ஏழு வரியையும் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததையும் சொன்னாள்.

பெரியவர், இயக்குநர் இங்கே இருக்கிறாரே என்று ஒரு தடவை பார்த்தார். இருந்தால் இருக்கட்டும் என்று முடிவு செய்துகொண்ட மாதிரி இருந்தது.

"எத்தன தப்பு உன் கண்ணுல படாமப் போச்சு?"

"நாப்பத்தொண்ணு மாமா."

"முப்பத்தொரு வருஷத்துல நான் ஏழு தடவ பூட்ட மறந்திருக்கேன்" என்றார் சாவிக்காரர். "ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கும் புலிக்கும்தான் தெரியும்."

இயக்குநர் நின்ற இடத்திலேயே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வரிசையாக இருந்த பொருள்களிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு புதுத் தாளை முன்னால் இழுத்து, மேலே 'புது டெஸ்ட்கள்' என்று எழுதினாள்.

"எந்தெந்தக் கதவு மாமா? எப்படி மறந்தீங்கன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."